பாதி அட்டை

கம்பத்தில் ஜீப்புகள்தான் முதலில் எழும்.
நாலரைக்கு ஒரு ஹாரன்,
பிறகு தூக்குவாளிகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம்.
ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள்
ஒருத்தி மடியில் ஒருத்தியாக
கம்பமெட்டு வளைவுகளில் ஏறிப் போவார்கள்.
என் கிளினிக்குக்கு வருவது இரவு ஏழுக்கு மேல்,
கன்னத்தில் கை வைத்து,
கால் நகத்தில் கேரளத்து மண்ணோடு.

சின்ன ஓவு ஜீப் ஓட்டுபவர்.
இடது பக்கம், கீழ்க் கடைவாய்ப்பல்.
மூன்று ராத்திரி தூக்கமில்லை.
டீ பட்டால் உயிர் போகிறது,
பச்சைத்தண்ணீர் கொப்பளித்தால் சற்று நிற்கிறது.
தண்ணீர் பாட்டிலை மடியில் இடுக்கிக்கொண்டு
மலை இறங்கியிருக்கிறார்.

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.
கத்தரியால் வெட்டிய அட்டை.
பேர் இருந்த பாதி கடையிலேயே நின்றுவிட்டது.
மிச்சம் இரண்டு.
"இதையே இன்னும் அஞ்சு நாளைக்கு எழுதிக் குடுங்க டாக்டர்.
நெடுங்கண்டத்துல சீட்டு கேக்குறான்.
வேர் வைத்தியமெல்லாம் மாசியில பாப்போம்,
இப்ப காய் நேரம்."

காய்ச்சல் இல்லை. வீக்கம் இல்லை.
வாய் முழுசாகத் திறக்கிறது.
பல்லுக்குள் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.
ரத்தமே போய்ச் சேராத அறைக்கு
மாத்திரை எந்த வழியாகப் போகும்?
சொன்னேன்.
"அப்ப மருந்துக்கடைக்காரன் கூமுட்டையா?" என்றார்.

நான் பேசாமல் கையுறை மாட்டினேன்.
போன ஐப்பசியில் இதே நாற்காலியில் பவுன்தாய்.
வெளியே ஹாரன் விடாமல் அடித்தது.
கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது.
திறக்க வேண்டிய பல்லைத் திறக்காமல்
எழுதிக் கொடுத்தேன்.
இரண்டு நிமிஷ வேலை.
கும்பிட்டுவிட்டுப் போனாள்.
மூன்று நாள் தின்றுவிட்டு, வலி அடங்கியதும்
மிச்சத்தை மகன் சளிக்குக் கொடுத்திருக்கிறாள்.

மார்கழியில் வந்தபோது
தாடை எது கழுத்து எது என்று தெரியவில்லை.
எச்சில் விழுங்க முடியவில்லை.
சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.
இப்போது மருந்து வேண்டும், நிஜமாகவே வேண்டும்.
ஊசியில் ஏற்றினார்கள். அசையவில்லை.
தேனி பெரியாஸ்பத்திரியின் கல்ச்சர் ரிப்போர்ட்டில்
மேலிருந்து கீழே ஒரே எழுத்து:
ஆர், ஆர், ஆர்.
கடைசிக்கு முந்தைய வரியில் ஒரு எஸ்.
அந்த ஒற்றை எழுத்தைப் பிடித்துக் கரையேறினாள்.
என் சீட்டினால்தான் என்று யாரும் சொல்லவில்லை.
இல்லை என்றும்
என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

ஊசி போட்டு மரத்ததும்
சின்ன ஓவுவின் வாயில் ரப்பர் விரிப்பை மாட்டினேன்.
துளை உள்ளறையைத் தொட்டபோது
கருஞ்சிவப்பாக ஒரு பொட்டு மேலே வந்தது.
கம்பியை விட்டுச் சுரண்டி, ப்ளீச்சிங் வாடையில் கழுவி,
மருந்து வைத்து மூடினேன்.
நாற்பது நிமிஷத்தில் பாதி நேரம்
அவர் குறட்டை விட்டார்.

வலி மாத்திரை மட்டும், இரண்டு நாளைக்கு.
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
சாப்பாட்டில் குழம்பு வைக்க மறந்தவளைப் பார்ப்பதுபோல.
வீங்கினால், குளிர்காய்ச்சல் வந்தால்
எந்நேரமானாலும் வாருங்கள் என்றேன்.
அந்த அட்டையைக் கேட்டேன்.
பையைப் பொத்திக்கொண்டார்.
"இருக்கட்டும் டாக்டர்,
வண்டியில யாருக்காச்சும் ஆகும்."

காலையில் அவர் ஹாரனைத் தனியாகத் தெரிந்தது எனக்கு,
கொஞ்சம் நீளமாக.
மெட்டுச் சாவடியில் தார்ப்பாயைத் தூக்குவார்கள்,
ரேஷன் அரிசி இருக்கிறதா என்று
சீட்டுக்கு அடியில் டார்ச் அடிப்பார்கள்,
பெண்களின் தூக்குவாளியைக்கூடத் திறக்கச் சொல்வார்கள்.
சட்டைப்பையில் இரண்டு கேப்சூல்.
போகலாம் என்று கை காட்டுவார்கள்.